வாடிக்கையாளர் நம் சொந்தச் சமூக ஊடகக் கணக்கிலும் இருக்கும்போது: தொழில் உறவைப் பேணுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாடியறையில் இருந்துகொண்டு பதினான்கு ஆண்டுகளாகச் சிறு வணிகர்களுக்கு வரிக்கணக்கு எழுதித் தாக்கல் செய்து வருகிறேன். கீழமாசி வீதியில் மிளகாய் வத்தலும் பருப்பும் மொத்தமாக விற்பவர்கள், விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்காரர்கள், தெற்கு ஆவணி மூல வீதியில் சிறிய நகைப்பட்டறை வைத்திருப்பவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள். நான் பட்டயக் கணக்காளர் இல்லை. ஆனாலும் பெரியவர்களுக்கு நான் ‘ஆடிட்டரம்மா’, இளையவர்களுக்கு ‘அக்கா’. இவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு வழியில் உறவு, அல்லது உறவுக்காரர் கைகாட்டி வந்தவர்கள். என் தம்பி கல்யாணத்தில் மொய் எழுதியவர் மறு மாதம் பில் கட்டோடு அலுவலகத்துக்கு வந்தார். அவர் என் வாட்ஸ்அப்பில் இருக்கிறார், ஃபேஸ்புக்கில் இருக்கிறார், நான் வைக்கும் ஸ்டேட்டஸை என் சித்தி பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிடுகிறார்.

“வாடிக்கையாளரைச் சொந்தக் கணக்கில் சேர்க்காதே” என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பெருநகரத்து நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு அது பொருந்தக்கூடும். நம் ஊரில் ஒருவர் அனுப்பிய நண்பர் கோரிக்கையை ஏற்காமல் விடுவது, அவர் வீட்டுக்குப் போய்விட்டுக் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வருவதைப் போன்றது. அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார். ஆகவே மனிதர்களைப் பிரிப்பதை விட்டுவிட்டு, பேச்சைப் பிரிக்க வேண்டும் என்பதே நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரே மனிதரோடு எந்தப் பேச்சை எந்த இடத்தில் பேசுவது என்பதை நாம் முதலில் முடிவு செய்து, அதை அவருக்கும் முகம் கோணாமல் புரியவைத்துவிட்டால், அவர் நண்பராகவும் இருக்கலாம், வாடிக்கையாளராகவும் இருக்கலாம். இந்த வழிகாட்டி கணக்கெழுதுபவருக்கு மட்டுமானதன்று. கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர், ஆரி வேலை செய்யும் தையற்காரர், டியூஷன் எடுப்பவர், காப்பீட்டு முகவர் என்று தன் பெயரையே கடைப்பெயராக வைத்துத் தொழில் செய்யும் எவருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

கைபேசி அமைப்புகளைத் தொடுவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கி, நோட்டுப் புத்தகம் ஒன்றில் உங்கள் வாடிக்கையாளர்களின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் உங்களுக்கு முதலில் யாராக அறிமுகமானார் என்பதையும், இப்போது உங்கள் எந்தெந்தக் கணக்கில் இருக்கிறார் என்பதையும் குறியுங்கள். உறவினராக இருந்து வாடிக்கையாளர் ஆனவர், வாடிக்கையாளராக வந்து நண்பரானவர், தொழிலோடு நிற்பவர் என்ற மூன்று வகை தானாகவே பிரிந்து வரும்.

இந்த வேலை அற்பமாகத் தோன்றலாம். நான் எழுதிப் பார்த்தபோதுதான், ஒரே வீதியில் எதிரெதிர்க் கடை வைத்து ஒருவரையொருவர் விலையில் முந்தப் பார்க்கும் இரண்டு வத்தல் வியாபாரிகள் என் ஃபேஸ்புக் நண்பர் பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதும், இருவருக்கும் நான்தான் கணக்கெழுதுகிறேன் என்பது அந்தப் பட்டியலைப் பார்க்கும் யாருக்கும் விளங்கிவிடும் என்பதும் உறைத்தது. அன்றிரவே நண்பர் பட்டியலை நான் மட்டும் பார்க்கும்படி மாற்றினேன். நீங்களும் செய்ய வேண்டிய முதல் மாற்றம் அதுவே.

பழைய எண் கடைக்கு, புதிய எண் வீட்டுக்கு

தொழிலுக்கென்று வாட்ஸ்அப் பிசினஸ் என்ற தனிச் செயலி 2018 முதல் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. ஒரே கைபேசியில் இரண்டு சிம் இருந்தால் சாதாரண வாட்ஸ்அப்பை ஓர் எண்ணிலும் பிசினஸ் செயலியை மற்றோர் எண்ணிலும் வைத்துக்கொள்ளலாம். இதுவரை பலருக்கும் தெரியும். பலரும் தவறுவது எந்த எண்ணை எதற்கு ஒதுக்குவது என்பதில்தான். புதிதாக வாங்கிய சிம்மைத் தொழிலுக்கு வைத்துக்கொண்டு, “இனிமேல் இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பார்ப்பார்கள். பத்து ஆண்டுகளாக அவர்கள் கைபேசியில் பதிந்த எண், விசிட்டிங் கார்டிலும் பலகையிலும் அச்சான எண், மற்றொருவருக்குக் கைமாற்றிக் கொடுத்த எண் பழையது. அவர்கள் அதற்குத்தான் அனுப்புவார்கள், எத்தனை முறை சொன்னாலும்.

ஆகையால் பழைய எண்ணைத் தொழிலுக்கு விட்டுவிட்டு, புதிய எண்ணை வீட்டாருக்குக் கொடுங்கள். வீட்டார் எண்ணிக்கையில் குறைவு. தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாலும் இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். செய்யும் முறை இது: முதலில் சாதாரண வாட்ஸ்அப்பில் உரையாடல்களைக் காப்பெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பிசினஸ் செயலியை நிறுவிப் பழைய எண்ணை அதில் பதிவு செய்யுங்கள். பழைய உரையாடல்களை இதற்கு மாற்றிக்கொள்ளலாமா என்று செயலியே கேட்கும். அடுத்து சாதாரண வாட்ஸ்அப்பில் புதிய எண்ணைப் பதிந்து, குடும்பக் குழுக்களின் பொறுப்பாளர்களிடம் அந்த எண்ணைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, பழைய எண்ணோடு அந்தக் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள். குழுவைவிட்டுப் போகிற நாளன்று பெரியப்பாவுக்கு ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. காரணம் தெரியாமல் வெளியேறினால் அது வேறு விதமாகப் பேசப்படும்.

பிசினஸ் செயலியில் நான்கு வசதிகள் உண்மையிலேயே உதவுகின்றன. வேலை நேரத்தைக் குறிக்கலாம். அந்த நேரத்துக்கு வெளியே வரும் செய்திக்குத் தானாகப் போகும் பதிலை எழுதி வைக்கலாம். அடிக்கடி எழுத வேண்டிய பதில்களைச் சுருக்கெழுத்தில் சேமிக்கலாம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் லேபிள் ஒட்டலாம். ‘பில் வரவில்லை’, ‘நோட்டீஸ்’, ‘கட்டணம் பாக்கி’ என்று நான் வைத்திருக்கிறேன். தானாகப் போகும் என் பதில் இவ்வாறு இருக்கிறது: “வணக்கம். உங்கள் செய்தி வந்து சேர்ந்தது. அலுவலக நேரம் திங்கள் முதல் சனி வரை, காலை 10 முதல் இரவு 7 வரை. நாளை காலை 11 மணிக்குள் பதில் தருகிறேன். சரக்கு வண்டியை நிறுத்திவிட்டார்கள் என்பது போன்ற அவசரம் என்றால் உடனே அழைக்கவும்.” கடைசி வரியை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். நள்ளிரவில் கப்பலூர் சுங்கச்சாவடி அருகே வண்டி நின்று, சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டில் ஓர் எண் தவறு என்று அதிகாரி சொல்லும்போது, அந்த வியாபாரிக்கு நம் வேலை நேரம் பொருட்டாக இருக்கக் கூடாது. அவரவர் தொழிலில் எது உண்மையான அவசரம் என்பதை நாமே பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டால், மற்றவை எல்லாம் காலை வரை காத்திருக்கும்.

எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்ப வேண்டியிருக்கும்போது குழு தொடங்காதீர்கள். குழுவில் ஒருவருடைய எண் எல்லாருக்கும் தெரியும்; யார் யார் உங்கள் வாடிக்கையாளர் என்பதும் அம்பலமாகும். புராட்காஸ்ட் லிஸ்ட் என்ற வசதியில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போய்ச் சேரும். உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போகும் என்பதால், புதிதாக வரும் வாடிக்கையாளரிடம் முதல் நாளே எண்ணைப் பதியச் சொல்லுங்கள்.

நண்பர் கோரிக்கை வரும்போது

ஃபேஸ்புக்கில் வாடிக்கையாளரிடமிருந்து கோரிக்கை வந்தால் நான் ஏற்றுக்கொள்கிறேன். ஏற்ற கையோடு அவரை ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்ற பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். அந்தப் பட்டியலில் இருப்பவர் நண்பராகவே தொடர்வார், ஆனால் நாம் பொதுவில் இடுபவற்றை மட்டுமே பார்ப்பார். அவரைச் சேர்த்த சேதி அவருக்குப் போகாது. பொங்கல் வாழ்த்து, கடை திறந்ததற்கு வாழ்த்து, தாக்கல் தேதிகள் ஆகியவற்றைப் பொதுவில் இடுகிறேன். வீட்டுப் படங்களை நண்பர்களுக்கு மட்டும் வைக்கிறேன். இதை ஏமாற்று என்று சிலர் நினைக்கலாம். வீட்டுக்கு வருபவரை முன்கூடத்தில் உட்காரவைத்து உபசரிக்கிறோம், அடுப்படி வரைக்கும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவதில்லை; இதுவும் அது போன்ற மரியாதைதான் என்று நான் கருதுகிறேன்.

பழைய பதிவுகளை மறந்துவிடாதீர்கள். இதுவரை பொதுவில் இட்டவற்றை ஒரே தடவையில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் வசதி ஃபேஸ்புக்கில் உண்டு. அதேபோல, பிறர் உங்களைக் குறியிட்டுப் போடும் படங்கள் உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே உங்கள் பக்கத்தில் தோன்றும்படி அமைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வீட்டுக் காதுகுத்தில் எடுத்த படம் உங்கள் பக்கம் வழியாக அவருடைய போட்டிக்காரர் கண்ணில் படுவதைத் தடுக்க அதுவே வழி.

இன்ஸ்டாகிராமில் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றினால் அதைப் பூட்டி வைக்க முடியாது. எனவே படத்தால் தொழில் நடப்பவர்கள், அதாவது மேக்கப் கலைஞர்களும் புகைப்படக்காரர்களும், இரண்டு கணக்கு வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. மற்றவர்களுக்கு ஒன்று போதும். குடும்பப் படங்களை ‘குளோஸ் ஃபிரண்ட்ஸ்’ பட்டியலுக்கு மட்டும் காட்டலாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் இடும் அரசியல் பதிவுக்கும் சாதிச் சங்கப் பதிவுக்கும் விருப்பக்குறி இடாதீர்கள், மறுப்பும் எழுதாதீர்கள். அவர் மகளுக்குப் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வந்தால் மனமார வாழ்த்துங்கள். அவர் வீட்டில் துக்கம் என்றால் பின்னூட்டத்தில் இரங்கல் எழுதுவதோடு நிற்காமல் நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

சேதி முன்னே, படம் பின்னே

2024 ஏப்ரல் 23 அன்று அழகர் ஆற்றில் இறங்கினார். குடும்பத்தோடு விடியுமுன்பே ஆழ்வார்புரம் பக்கம் போய்க் கூட்டத்தில் நின்று தரிசித்து, தண்ணீர் பீய்ச்சியதில் நனைந்த குழந்தைகளோடு ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். அந்த மாதம் எங்கள் தொழிலில் கடுமையான மாதம். 2018-19 நிதியாண்டுக்கான ஜிஎஸ்டி உத்தரவுகளை அதிகாரிகள் ஏப்ரல் 30க்குள் பிறப்பித்தாக வேண்டும் என்பதால் நோட்டீஸுகளுக்குப் பதில் எழுதிக்கொண்டே இருந்தோம். அப்படி ஒரு நோட்டீஸ் வாங்கியிருந்த சிறு வியாபாரி ஒருவர், அந்தப் படத்தின் கீழ் எனக்கு இப்படி எழுதினார்: “நல்லா சாமி கும்பிட்டு வாங்கக்கா. எனக்கு நேத்துலருந்து சோறு எறங்கல.”

அவருடைய பதிலை முந்தின இரவு பதினொரு மணிக்கே நான் இணையதளத்தில் ஏற்றி முடித்திருந்தேன். ஏற்றிவிட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். அந்த மனிதர் பயத்தோடு தூங்கி எழுந்து, கைபேசியைத் திறந்ததும் முதலில் பார்த்தது என் சிரித்த முகம். ஆற்றங்கரையிலேயே கூட்டத்தை விட்டு ஒதுங்கி அவரைக் கூப்பிட்டேன். ஏற்றாகிவிட்டது என்று சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. மூச்சு விட்ட சத்தம் மட்டும் கேட்டது.

திருவிழாவுக்குப் போனது தவறில்லை, படம் வைத்ததும் தவறில்லை. தொழில் சேதி போகாத இடத்துக்கு வீட்டுச் சேதி போனதுதான் தவறு. அதற்குப் பிறகு இரண்டு வழக்கங்களை வைத்துக்கொண்டேன். ஒன்று, ஒரு வேலை முடிந்தால், எந்த நேரமானாலும், ‘முடிந்தது’ என்ற ஒரு வரியும் ஒப்புகை எண்ணும் அவருக்குப் போய்விட வேண்டும். முடியாமல் நின்றால், ஏன் நிற்கிறது, எப்போது முடியும் என்ற ஒரு வரி போக வேண்டும். இரண்டு, சொந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதற்கு முன்பு, அன்றைக்குக் காத்திருக்கும் வாடிக்கையாளர் யாராவது இருக்கிறாரா என்று லேபிள்களைப் பார்த்துவிடுவேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை இன்னார் தவிர மற்றவர்களுக்கு என்றோ, இன்னாருக்கு மட்டும் என்றோ வைக்கலாம். அந்த வசதியை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் மறைப்பதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்; மறைத்து வைத்த படம் ஒரு பொதுவான சொந்தக்காரர் வழியாக அன்றே போய்ச் சேரும் ஊர் இது.

இரவுச் செய்திகள்

மாதத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி வரிக்கணக்கின் கெடு 20ஆம் தேதி. ஒரு மாதம் 19ஆம் தேதி இரவு 10.40க்கு, என் சொந்த எண்ணில், ஒரு மளிகை வியாபாரியிடமிருந்து 37 படங்கள் வந்தன. கொள்முதல் பில்கள், சில தலைகீழாக, சில ஓரத்தில் மஞ்சள் கறையோடு, நடுவே அவர் பேத்தியின் காதுகுத்துப் படம் ஒன்று. பிறகு நான்கு நிமிடக் குரல் பதிவு. அதன்பின், “ஆன்லைன்லதானே இருக்கீங்க, பாத்துருங்கக்கா.” அந்த மாதத்துக் கொள்முதல் வரவு, அதாவது வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய தொகை, 14ஆம் தேதியே ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலாக இணையதளத்தில் வந்துவிடுகிறது, அதில் இல்லாத பில்லுக்கு அந்த மாதம் வரவு எடுக்க முடியாது. ஆகவே அந்த 37 படங்களால் அந்த இரவில் ஆகப்போவது எதுவும் இல்லை. ஆனாலும் நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்ததன் விளைவு, அடுத்த மாதமும் அவர் 19ஆம் தேதி இரவே அனுப்பினார்.

இரவில் ஒரு முறை பதில் சொன்னால் அது ஒரு பதிலாக நிற்காது, வழக்கமாகிவிடும். எனவே மூன்று காரியங்கள் செய்யுங்கள். சொந்த எண்ணில், கடைசியாக எப்போது வந்தோம், இப்போது இணைப்பில் இருக்கிறோமா என்ற இரண்டையும் மறையுங்கள். இணைப்பில் இருப்பதை மறைக்கும் வசதியும் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. தொழில் எண்ணில் நீலக்குறியை அணைக்க வேண்டாம். பார்த்துவிட்டார்கள் என்பதே காத்திருப்பவருக்குப் பாதி ஆறுதல். மூன்றாவதாக, இரவில் படித்தாலும் காலையில் எழுதுங்கள்.

அதே வேளையில், கெடுவுக்கு முன்பே நாம் கேட்காமல் இருந்துவிட்டு, கடைசி நாளில் அனுப்புகிறார்கள் என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை. இப்போது ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதி காலையில், “விற்பனைப் பில்கள் 7ஆம் தேதிக்குள், கொள்முதல் பில்கள் 10ஆம் தேதிக்குள்” என்று புராட்காஸ்ட் அனுப்புகிறேன். அனுப்பாதவரை 8ஆம் தேதி கூப்பிடுகிறேன். அந்த மளிகைக்காரர் இப்போது தம் மகன் மூலம் எல்லாப் பில்களையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக அனுப்புகிறார். சொந்த எண்ணுக்குத் தொழில் செய்தி வந்தால், “அண்ணே, இது அலுவலக எண்ணுக்கு வந்தால்தான் என் உதவியாளர் கண்ணிலும் படும், தவறாது” என்று எழுதி, அந்தச் செய்தியை நானே அலுவலக எண்ணுக்கு அனுப்பி, அங்கிருந்து பதில் கொடுக்கிறேன். ‘இங்கே அனுப்பாதீர்கள்’ என்று சொல்வதைவிட, அங்கே அனுப்பினால் அவருக்கு என்ன நன்மை என்று சொல்வது கேட்கப்படுகிறது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இரவில் தொழில் பேச்சாகத் தொடங்கி, சாப்பிட்டாச்சா, தூங்கலையா என்று நீளும் செய்திகளுக்குப் பதில் எழுதவே வேண்டாம். மறுநாள் காலை அலுவலக எண்ணிலிருந்து தொழில் பகுதிக்கு மட்டும் பதில் போகட்டும். மூன்றாவது முறையும் தொடர்ந்தால், உரையாடலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்த வாடிக்கையாளரை விட்டுவிடுங்கள். அவரால் வரும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் என் முடிவு இதுதான்.

ஆவணங்களும் ரகசியமும்

ஆதார், பான், வங்கிப் புத்தகம், கடவுச்சொல் என எல்லாவற்றையும் நம் மக்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அவை தானாகவே கைபேசியின் படத்தொகுப்பில் இறங்கி, அங்கிருந்து இணையச் சேமிப்புக்கும் போய், பிள்ளைகள் கையில் கைபேசி இருக்கும்போது திருமணப் படங்களுக்கு நடுவே தலைகாட்டுகின்றன. தொழில் எண்ணில் படங்கள் தானாக இறங்குவதையும், படத்தொகுப்பில் தெரிவதையும் முதலில் நிறுத்துங்கள். வந்த ஆவணத்தைக் கணினியில் உரிய கோப்புறையில் சேர்த்தவுடன் உரையாடலிலிருந்து நீக்கிவிட்டு, “சேமித்துக்கொண்டேன், நீங்களும் இங்கிருந்து நீக்கிவிடுங்கள்” என்று அனுப்புங்கள். ஆதார் கேட்கும்போது, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரே போதுமான இடங்களில் அதையே கேளுங்கள். ஓடிபி வேண்டுமென்றால் எழுத்தில் வாங்காமல், நீங்களே அழைத்து, எதற்காக என்று சொல்லி, வாய்மொழியாகக் கேளுங்கள். யார் செய்தி அனுப்பிக் கேட்டாலும் ஓடிபி கொடுக்கும் பழக்கத்தை நாமே அவர்களுக்கு ஏற்படுத்திவிடக் கூடாது.

பெருமைக்காக இடும் பதிவுகளில் கவனம் வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்குப் பெரிய தொகை ரீஃபண்டு வாங்கிக் கொடுத்ததும் திரையைப் படமெடுத்து, பெயரை மட்டும் அழித்துப் பதிவிடுகிறார்கள். பதினைந்து எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான் எண்ணேதான். பெயரை அழித்துவிட்டு எண்ணை விட்டுவிட்டால் எதையும் மறைத்ததாகாது. எண்ணையும் அழித்துவிட்டால்கூட, தொகையையும் தேதியையும் பார்த்தே வீதியில் இருப்பவர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். பட்டயக் கணக்காளர் ஒருவர் வாடிக்கையாளரின் ஒப்புதலின்றி அவர் விவரத்தை வெளியிடுவது 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி தொழில் ஒழுங்கீனம். வழக்கறிஞர்கள் தொழிலை விளம்பரப்படுத்துவதற்கே இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி கட்டுப்பாடு விதிக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. எந்தச் சட்டமும் நம்மைத் தொடாவிட்டாலும், தன் விற்றுமுதலைத் தன் தம்பியிடம்கூடச் சொல்லாத மனிதர் நம்மிடம் சொல்லியிருக்கிறார் என்பது போதுமான காரணம். மணப்பெண் படத்தையோ, அளவு கொடுத்த ரவிக்கையையோ பதிவிடும் தொழில்களிலும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பின்பே இடுங்கள். அந்தப் பெண்ணிடம் வாங்குங்கள், அவர் வீட்டாரிடம் அல்ல.

பணம் கேட்பது

கட்டணப் பேச்சு பின்னூட்டத்திலோ குடும்பக் குழுவிலோ ஒருபோதும் வரக் கூடாது, சாடையாகக்கூட. வேலை தொடங்கும்போதே என்ன வேலை, எவ்வளவு, எப்போது என்று அலுவலக எண்ணிலிருந்து எழுதி அனுப்பி, ‘சரி’ என்ற பதிலை வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சில் முடிவானதையும் அன்று மாலையே எழுதி அனுப்பிவிடுங்கள். உறவினரிடம் இதைச் செய்யத்தான் கூச்சமாக இருக்கும், உறவினரிடம்தான் இது அதிகம் தேவைப்படும். பணம் அனுப்பியதாக வரும் யுபிஐ படத்தைப் பார்த்து ரசீது கொடுக்காமல், வங்கிக் கணக்கில் வரவைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பின்னூட்டத்தில் குறை சொன்னால்

ஒரு பொங்கலன்று வாசலில் போட்ட கோலத்தைப் படமெடுத்துப் பொதுவில் இட்டிருந்தேன். அதன் கீழே ஒரு வாடிக்கையாளர், “கோலம் அருமை. போன மாசம் 1,000 ரூபா லேட் ஃபீ கட்ட வச்சீங்களே, அதையும் போடுங்க” என்று எழுதினார். நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் இருபது நாள் தாமதம், கணக்கு சரிதான். தாமதத்துக்குக் காரணம் நான் இல்லை. வரி கட்டக் கையில் பணம் இல்லாமல் அவர்தான் தள்ளிப் போடச் சொன்னார், அந்தச் செய்தி என் கைபேசியில் இருந்தது. அதை எடுத்துப் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் என் பெயர் காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் கையில் பணம் இல்லை என்பது அவர் என்னை நம்பிச் சொன்னது. அவர் என்னைக் குறை சொன்னதனால் அந்த நம்பிக்கையைக் காக்கும் கடமை எனக்கு இல்லாமல் போய்விடவில்லை.

இத்தகைய நேரத்தில் பொதுவில் ஒரு வரி மட்டும் எழுதுங்கள். நான் எழுதியது: “அண்ணே, பொங்கல் வாழ்த்துகள். இன்று மாலை ஐந்து மணிக்கு நானே உங்களைக் கூப்பிடுகிறேன்.” சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுங்கள். நம் பக்கம் தவறு இருந்தால் தொலைபேசியில் ஒப்புக்கொண்டு, அதை எப்படிச் சரிசெய்வோம் என்பதை எழுத்தில் அனுப்புங்கள். தவறு இல்லையென்றால் ஆதாரத்தை அவருக்கு மட்டும் காட்டுங்கள். வசைச்சொல் இல்லாதவரை பின்னூட்டத்தை நீக்காதீர்கள்; நீக்கினால் அதைப் பார்த்திருந்தவர்கள் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார்கள். அவர் இரண்டு நாள் கழித்து அதைத் தாமே எடுத்துவிட்டார். எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

நாம் அவசரத்தில் எழுதிவிட்டதைத் திருத்த வாட்ஸ்அப் 15 நிமிடம் தருகிறது. எல்லாருக்குமாக நீக்க அதைவிட நீண்ட அவகாசம் உண்டு, ஆனால் நீக்கிய தடம் அங்கேயே நிற்கும். கோபத்தில் இருக்கும்போது குரல் பதிவு அனுப்பவே வேண்டாம். அதைத் திருத்த முடியாது, அது கேட்கும் ஆளுக்கெல்லாம் நம் குரலிலேயே போய்ச் சேரும்.

நம் பெயரில் வேறொருவர் பேசினால்

வாட்ஸ்அப் கணக்கைத் திருடுபவர்கள் முதலில் செய்வது, நம் தொடர்பில் இருப்பவர்களிடம் நம் பெயரில் பணம் கேட்பது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க எண்ணை வையுங்கள். பதிவு செய்யும்போது குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை யாருக்கும் சொல்லாதீர்கள். “நான் செய்தியில் பணம் கேட்கமாட்டேன், வரித் தொகையை நீங்கள்தான் அரசுத் தளத்தில் நேரடியாகக் கட்டுவீர்கள், என் கணக்குக்கு அல்ல” என்று வாடிக்கையாளர்களுக்கு ஆண்டுக்கு இரு முறை அனுப்பிவிடுங்கள். மீறி நடந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். பிறகு முக்கியமான வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள்.

விலகிச் செல்பவர்

வேறு ஒருவரிடம் கணக்கை மாற்றிக்கொள்ளும் வாடிக்கையாளர், பெரும்பாலும் அதை நேரில் சொல்லச் சங்கடப்பட்டு ஒதுங்கியே போவார். நீங்களே ஒரு செய்தி அனுப்பி அந்தச் சங்கடத்தைப் போக்குங்கள்: கோப்புகள் தயாராக இருக்கின்றன, புதியவரிடம் நான் பேச வேண்டியிருந்தால் பேசுகிறேன் என்று. ஜிஎஸ்டி பதிவில் உங்கள் கைபேசி எண்ணோ மின்னஞ்சலோ இருந்தால் அதை அவருடையதாக மாற்றிக் கொடுத்து, கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். புராட்காஸ்ட் பட்டியலிலிருந்து எடுங்கள், லேபிளை நீக்குங்கள், உங்களிடம் தங்கிவிட்ட ஆவணப் படங்களை அழித்துவிட்டு, அழித்ததைத் தெரிவியுங்கள். நண்பர் பட்டியலிலிருந்து மட்டும் நீக்காதீர்கள்.

கோப்புக்கட்டு கைமாறிய அன்று மாலையே செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. ஃபேஸ்புக்கில் அவர் பெயரைத் திறந்து, ‘ரெஸ்ட்ரிக்டட்’ பட்டியலிலிருந்து அவரை எடுத்துவிடுங்கள். இனி அவர் உங்கள் பக்கத்து வீதிக்காரர், கல்யாணத்தில் மொய் எழுதியவர். வீட்டுப் படங்களை அவரும் பார்க்கலாம்.